வேலைக்குப் போய்க்கொண்டே கேட் தேர்வு: 200 மணி நேரத்தில் தயாராகும் வழி

பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. தேர்வு பிப்ரவரி மாத வார இறுதிகளில் நடக்கும். கப்பலூரில் ஒரு கம்பெனியில் 8 மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்த பிறகு மிஞ்சுகிற நேரத்தில்தான் படிக்க வேண்டும். மதுரையைச் சுற்றி திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் இந்த நிலையில் நிறையப் பட்டதாரிகள் இருக்கிறார்கள். முழுநேரமாகப் படிப்பவர்களுக்கான அட்டவணையைப் பார்த்து, இரண்டே வாரத்தில் மனம் விட்டுப் போகிறவர்களும் இவர்கள்தான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். உதாரணங்களை மெக்கானிக்கல் தாளிலிருந்து எடுத்திருக்கிறேன். மற்ற பிரிவினருக்குப் பாடம்தான் மாறும், முறை இதேதான்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நேரம் குறைவு என்றால் சிலபஸ் முழுவதையும் தொட நினைக்காதீர்கள். எதை விடப் போகிறோம் என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிட்டு, எடுத்துக்கொண்டதைக் கணக்குப் போட்டுப் போட்டே படியுங்கள்.

கையில் இருப்பது எத்தனை மணி நேரம்

அக்டோபர் கடைசியில் தொடங்கினால் சுமார் 15 வாரம் கிடைக்கும். வாரத்தில் 6 நாள் வேலை இருப்பவர் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் 9 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை 6 மணி நேரம். ஆக, வாரத்துக்கு 15, மொத்தம் 225. காய்ச்சல், ஓ.டி., சொந்தக்காரர் வீட்டு விசேஷம், மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை என்று 25 மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள். மிச்சம் 200. நாளுக்கு 5 மணி நேரம் படிப்பேன் என்று சுவரில் எழுதி ஒட்டுவதைவிட, இந்த 200ஐ உண்மையாகக் கொடுப்பது பலன் தரும்.

ஷிஃப்ட் மாறுபவர்கள் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் தனி அட்டவணை வைத்துக்கொள்ள வேண்டும். காலை 6 மணி ஷிஃப்ட் என்றால் மதியம் வீடு திரும்பி, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு மாலை 4 மணிக்கு மேல் உட்காரலாம். மதியம் 2 மணி ஷிஃப்ட் வாரம்தான் உங்களுக்குப் பொன்னான வாரம். காலை முழுக்க உங்களுடையது, கடினமான பாடங்களை அந்த வாரத்தில் வையுங்கள். நைட் ஷிஃப்ட் வாரத்தில் புதிய பாடம் எதையும் எடுக்காதீர்கள். தூக்கம் கெட்ட மூளைக்குப் புதிய பாடம் ஏறாது. பழைய கணக்குகளைத் திரும்பப் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பஸ் நேரத்தைப் படிப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நின்றுகொண்டு போகும்போது வீடியோ பார்ப்பது படித்த மாதிரி ஒரு நிறைவைத் தரும், அவ்வளவுதான். வேண்டுமானால் முந்தின நாள் எழுதிய சூத்திரங்களை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள்.

முதல் ஞாயிறு: படிக்காமலே ஒரு வினாத்தாள்

எதையும் புரட்டுவதற்கு முன், சென்ற ஆண்டு வினாத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு 3 மணி நேரம் எழுதுங்கள். பழைய வினாத்தாள்களும் விடைகளும் கேட் தேர்வின் அதிகாரபூர்வ இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். இலவச விரிவுரைகள் உள்ள என்பிடெல் (NPTEL) தளத்திலும் கேட் தேர்வுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது.

தேர்வில் 65 கேள்வி, 100 மதிப்பெண். பொது ஆப்டிட்யூட், அதாவது பொதுத் திறனறிப் பகுதி, 10 கேள்விக்கு 15 மதிப்பெண். மீதி 55 கேள்வியில் 25 ஒரு மதிப்பெண், 30 இரண்டு மதிப்பெண். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது ஒரு வகை. ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கக்கூடிய கேள்வி 2021லிருந்து வந்த வகை. எண்ணைக் கணக்கிட்டு நாமே பதிவு செய்வது மூன்றாவது வகை.

முதல் முறை மதிப்பெண் எவ்வளவு வந்தாலும் கவலையில்லை, அந்த எண்ணை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுவதுதான் அன்றைய வேலை. சரியாகப் போட்டது, சூத்திரம் மறந்ததால் நின்றுபோனது, பாடமே புரியாதது, கல்லூரியில் கேள்விப்படவே இல்லாதது என்று நான்கு குறி. இதில் இரண்டாவது குவியலைக் கவனியுங்கள். கொஞ்சம் தூசி தட்டினால் மதிப்பெண்ணாக மாறக்கூடியது அதுதான். பெரும்பாலானவர்கள் மூன்றாவது குவியலைக் கண்டு பயந்து, அதில் போய் விழுந்து ஒரு மாதத்தைத் தொலைக்கிறார்கள்.

எதை எடுப்பது, எதை விடுவது

200 மணி நேரத்தை நான் இப்படிப் பிரிப்பேன்: ஆப்டிட்யூட்டுக்கு 12, கணிதத்துக்கு 33, மெக்கானிக்கல் பாடங்களுக்கு 85, பழைய வினாத்தாள்களுக்கு 40, மாக் டெஸ்ட் என்கிற மாதிரித் தேர்வுக்கும் அதைத் திருத்திப் பார்ப்பதற்கும் 30. பாடங்களுக்கு 85 மணி நேரம் என்றால் 5 பாடங்களை உருப்படியாகப் படிக்கலாம். 10 பாடங்களை நுனிப்புல் மேயலாம். 5 போதும்.

எந்த 5 என்பதற்கு இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். ஒன்று, இந்தப் பாடம் தனியாக நிற்குமா? இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் அப்படிப்பட்ட பாடம். வேறு எதையும் படிக்காமல் ஒரு வாரத்தில் சரக்கு இருப்புக் கணக்கு, திட்ட வேலைகளுக்கு ஆகும் காலத்தைக் கணக்கிடும் பெர்ட், சி.பி.எம்., லீனியர் புரோகிராமிங் என்று பாதியை முடித்துவிடலாம். ஆண்டுத் தேவை 2,400, ஒரு ஆர்டருக்குச் செலவு 300 ரூபாய், ஒரு பொருளை ஓராண்டு வைத்திருக்க 4 ரூபாய் என்றால், சிக்கனமான ஆர்டர் அளவு 600. 2 என்ற எண்ணையும் ஆண்டுத் தேவையையும் ஆர்டர் செலவையும் பெருக்கி, வைப்புச் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் முடிந்தது. இவ்வளவு சீக்கிரம் மதிப்பெண் தரும் பகுதியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள், முதலிலேயே முடித்தால் தைரியமும் வரும்.

இரண்டாவது கேள்வி, இது வேறு பாடங்களுக்கு அடித்தளமா? தெர்மோடைனமிக்ஸ் தெரிந்தால் குளிர்சாதனம், எஞ்சின், டர்பைன் என்று பல கதவுகள் திறக்கும். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் தெரிந்தால் மெஷின் டிசைனில் பாதி வந்துவிடும். இவை இரண்டும் கட்டாயம். மிச்சம் இரண்டு இடத்தில் ஒன்றை ஃப்ளூயிட் மெக்கானிக்ஸுக்கும், இன்னொன்றை உங்கள் வேலைக்கும் கொடுங்கள். லேத்திலும் பிரஸ்ஸிலும் நாள் முழுக்க நிற்பவருக்கு மேனுஃபேக்சரிங் புத்தகம் பாதி ஏற்கெனவே தெரிந்தது. கல்லூரியில் மனப்பாடம் செய்தவர் தடுமாறும் கருவிக் கோணம் உங்களுக்குக் கையிலேயே இருக்கிறது. அதைக் கணக்காக மாற்றப் பழகினால் போதும்.

விட்ட பாடங்களை விட்டவையாகவே வையுங்கள். டிசம்பரில் ஒரு நண்பர் போன் செய்து, "வைப்ரேஷன் முடிச்சுட்டேன், நீ?" என்று கேட்பார். கலங்க வேண்டாம்.

எல்லாப் பிரிவுக்கும் பொதுவான பகுதி

ஆப்டிட்யூட் 15, கணிதம் சுமார் 13. இரண்டும் சேர்ந்து 28 மதிப்பெண். மொத்தத்தில் கால் பங்குக்கு மேல். இதற்கு 45 மணி நேரம் கொடுப்பது வீண் இல்லை.

ஆப்டிட்யூட்டில் சதவீதம், விகிதம், வேலையும் நேரமும், காகிதம் மடித்துத் துளையிட்டால் வரும் வடிவம், கண்ணாடிப் பிம்பம், 'எல்லா' 'சில' வகைத் தர்க்கம் எல்லாம் வரும். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலப் பகுதியைப் பார்த்துத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். தயக்கம் வேண்டாம். அங்கே கேட்பது பெரும்பாலும் பொருத்தமான சொல், ஒரு சிறு பத்தியிலிருந்து எதை முடிவாகச் சொல்லலாம் என்பவைதான். 10 ஆண்டு வினாத்தாளிலிருந்து ஆப்டிட்யூட் கேள்விகளை மட்டும் தனியே எடுத்துப் போட்டாலே அதன் போக்கு பிடிபட்டுவிடும். நைட் ஷிஃப்ட் வாரத்துக்கு ஏற்ற வேலையும் இதுதான்.

கணிதத்தில் லீனியர் ஆல்ஜீப்ரா, நிகழ்தகவு, வகைக்கெழுச் சமன்பாடு, நியூமெரிக்கல் மெத்தட்ஸ் ஆகியவற்றை முதலில் எடுங்கள். ஒரு அணியின் ஐகன் மதிப்புகளைக் கூட்டினால் மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதல் வரும், பெருக்கினால் அணிக்கோவையின் மதிப்பு வரும். இந்த இரண்டு வரியே ஒரு கேள்விக்கு அரை நிமிடத்தில் விடை தந்துவிடும். கணிதத்தை ஒரே மூச்சில் முடிக்காமல், வாரத்துக்கு மூன்று நாள் அரை மணி நேரமாகத் தேர்வு வரை இழுத்துக்கொண்டு போங்கள். விட்டால் மறந்துபோகும்.

இரண்டாவது வாரத்திலிருந்து: உட்காரும் முறை

வழக்கமான வரிசை இது: வீடியோ பார்ப்பது, குறிப்பு எடுப்பது, புத்தகம் வாசிப்பது, கடைசியில் கணக்கு. நேரம் இல்லாதவர் இதைத் தலைகீழாக்க வேண்டும். அந்தப் பாடத்தின் பழைய கேள்விகளில் ஐந்தை முதலில் எடுங்கள். முயன்று பாருங்கள், தடுக்கும். எங்கே தடுக்கிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் புத்தகத்தில் படியுங்கள். திரும்ப வந்து கணக்கை முடியுங்கள். புத்தகத்திலும் புரியாவிட்டால் மட்டும் என்பிடெல் பாடத்தில் அந்த ஒரு விரிவுரை. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் இலவசப் பாடங்கள் அவை, தரம் உயர்ந்தவை. ஆனால் ஒரு பாடத்துக்கே 30, 40 விரிவுரை இருக்கும். வரிசையாகப் பார்க்கத் தொடங்கினால் பொங்கலுக்குக்கூட முடியாது.

படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் சூத்திரங்களையும் அவை எப்போது பொருந்தும் என்பதையும் நினைவிலிருந்து எழுதுங்கள். இதற்கு ஆதாரம் உண்டு. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பத்தியை மாணவர்களில் சிலர் மறுபடி வாசித்தார்கள். சிலர் வாசிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்கள் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முன்னே போய்விட்டார்கள். வாசித்த உடனே வருகிற 'தெரிந்துவிட்டது' என்ற எண்ணத்தை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எழுதியதை மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை மீண்டும் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் 10 நிமிடம்தான் ஆகும். ஆறாவது வாரத்துக்கு மேல் பாடங்களைக் கலந்து போடத் தொடங்குங்கள். ஒரே பாடத்தின் 20 கணக்கைத் தொடர்ந்து போடும்போது எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டியிருக்காது. தேர்வில் கடினமே அதைக் கண்டுபிடிப்பதில்தான்.

வீட்டில் அமைதி இல்லை, டி.வி. ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் ஞாயிறு படிப்பை வெளியே மாற்றுங்கள். புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்கென்றே பிரிவு இருக்கிறது. நாட்களையும் நேரத்தையும் முன்கூட்டி விசாரித்துக்கொண்டு போங்கள். சுற்றிலும் படிப்பவர்களாக இருக்கும்போது போனைத் தொடக் கை போகாது. தூரம் என்றால் உங்கள் ஊர்க் கிளை நூலகமோ, ஆள் இல்லாத நேரத்துப் பள்ளிக்கூடத் திண்ணையோ போதும்.

பிழை நோட்டு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தவறாகப் போன ஒவ்வொரு கணக்கையும் ஒரு நோட்டில் இரண்டு வரியில் எழுதுங்கள். எங்கே தவறினேன், அடுத்த முறை எதைப் பார்த்தால் தவறமாட்டேன். முழு விடையை எழுத வேண்டாம். 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதுவதும் கூடாது. அது எதையும் சொல்வதில்லை.

ஒரு உதாரணம். தகட்டை உருளைகளுக்கு இடையே விட்டு மெல்லிசாக்கும் ரோலிங் கணக்கில், ஒரே தடவையில் அதிகபட்சம் எவ்வளவு தடிமன் குறைக்கலாம் என்பதற்கு உராய்வுக் குணகத்தின் வர்க்கத்தை உருளையின் ஆரத்தால் பெருக்க வேண்டும். கேள்வியில் உருளையின் விட்டம் 500 மி.மீ., உராய்வுக் குணகம் 0.1 என்று இருக்கும். ஆரம் 250, விடை 2.5 மி.மீ. அவசரத்தில் 500ஐப் போட்டால் 5 மி.மீ. வரும், அந்த 5ம் நான்கு விடைகளில் ஒன்றாக அங்கே காத்திருக்கும். நோட்டில் எழுத வேண்டியது: 'ரோலிங்: கொடுத்தது விட்டமா ஆரமா என்று வட்டமிடு.'

இப்படிச் சேர்த்துக்கொண்டு போனால் உங்கள் பிழைகள் நூறு வகை இல்லை, ஏழெட்டு வகைதான் என்பது தெரிந்துவிடும். மெக்கானிக்கலில் அடிக்கடி வருபவை: செல்சியஸை கெல்வினுக்கு மாற்றாமல் வாயுச் சமன்பாட்டில் போடுவது, கேஜ் அழுத்தத்தையே முழு அழுத்தமாக எடுப்பது, கிலோஜூலையும் ஜூலையும் கலப்பது, கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்று பார்க்காதது. வாரம் ஒருமுறை ஞாயிறு காலையில் நோட்டைத் திறந்து, பிழை செய்த கணக்குகளில் ஐந்தைப் புதிதாகப் போடுங்கள். சரியாக வந்தால் ஒரு டிக். இரண்டு டிக் விழுந்தால் அந்தக் கணக்கை விட்டுவிடலாம்.

நெகட்டிவ் மார்க்கின் கணக்கு

நான்கில் ஒன்று வகையில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கேள்வியில் மூன்றில் ஒரு பங்கும், இரண்டு மதிப்பெண் கேள்வியில் மூன்றில் இரண்டு பங்கும் குறையும். இதைக் கேட்டுப் பயந்து பாதிக் கேள்வியைத் தொடாமல் வருபவர்களும் உண்டு, கண்ணை மூடி எல்லாவற்றையும் அழுத்துபவர்களும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை தெளிவு. ஒன்றுமே தெரியாமல் குத்துமதிப்பாக அடித்தால் சராசரியாக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடை நிச்சயம் தவறு என்று ஒதுக்க முடிந்தால், ஒரு மதிப்பெண் கேள்வியில் சராசரியாக ஒன்பதில் ஒரு பங்கு லாபம். இரண்டை ஒதுக்க முடிந்தால் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே இரண்டு விடைகளை ஒதுக்கிய கேள்வியை விட்டுவிட்டு வரவே கூடாது. ஒன்றையும் ஒதுக்க முடியாத கேள்வியில் ஒரு நிமிடமும் செலவழிக்க வேண்டாம்.

எண் விடைக் கேள்விக்கும், பல விடைக் கேள்விக்கும் நெகட்டிவ் கிடையாது. அவற்றைக் காலியாக விட்டு வருவதில் அர்த்தமே இல்லை. பல விடைக் கேள்வியில் பாதி சரிக்குப் பாதி மதிப்பெண் தருவதும் இல்லை, எல்லாச் சரியான விடைகளையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மார்கழியும் தையும்

மார்கழி உங்களுக்கு வாய்த்த மாதம். கல்யாணம், கிரகப்பிரவேசம் எதுவும் இருக்காது, அழைப்பிதழும் வராது. விடியற்காலையில் கோவில் ஒலிபெருக்கி திருப்பாவையோடு எழுப்பிவிடும். அந்த நேரத்தில் எழுந்து ஒன்றரை மணி நேரம் படித்துவிட்டு வேலைக்குப் போகலாம். புதிய பாடங்களை மார்கழிக்குள் முடித்துவிட வேண்டும்.

மார்கழி நடுவிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு மாக் டெஸ்ட். தேர்வு காலை 9.30 முதல் 12.30 வரை, அல்லது மதியம் 2.30 முதல் 5.30 வரை நடக்கும். உங்கள் தாளுக்குரிய நேரத்திலேயே எழுதிப் பழகுங்கள். கணினியில்தான் எழுத வேண்டும். திரையிலேயே இருக்கும் கால்குலேட்டரை மவுஸால் தட்டித்தான் கணக்குப் போட வேண்டும், சொந்தக் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. எண் விடையையும் திரையில் தெரியும் எண்பலகையில்தான் பதிய வேண்டும். கைக் கால்குலேட்டரில் பழகியவருக்கு இது கண்டிப்பாகத் தாமதமாகும். அதனால் டிசம்பரிலிருந்து வீட்டுக் கணக்கையும் அதே மாதிரித் திரைக் கால்குலேட்டரிலேயே போடுங்கள்.

மூன்று சுற்றாக எழுதுவது நல்லது. முதல் 25 நிமிடம் ஆப்டிட்யூட். அடுத்து பார்த்ததும் வழி தெரிகிற கேள்விகள். மூன்றாவது சுற்றில்தான் யோசிக்க வேண்டியவை. ஒரு மதிப்பெண்ணுக்குச் சராசரியாக 1.8 நிமிடம்தான் உண்டு. ஒரே கணக்கில் 6 நிமிடம் சிக்கிக்கொண்டால் அது வேறு மூன்று மதிப்பெண்ணைத் தின்றுவிடும். டெஸ்ட் எழுதிய 3 மணி நேரத்துக்குச் சற்றுக் குறையாத நேரம் அதைத் திருத்திப் பார்க்கவும் வேண்டும். திருத்தாத மாக் டெஸ்ட் எழுதாத மாக் டெஸ்ட்தான்.

பொங்கல் வந்துவிட்டால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்த நாட்களில் வாடிவாசல் திறக்கும். அந்த ஊர்க்காரரை அறைக்குள் உட்கார்ந்து படி என்று சொல்ல எனக்கு மனம் இல்லை, சொன்னாலும் படிப்பு ஓடாது. உங்கள் ஊர் ஜல்லிக்கட்டு நாளை முழு விடுமுறையாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற விடுமுறை நாட்களில் இரண்டு மாக் டெஸ்ட் முடித்துவிடுங்கள். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கும்.

கடைசி வாரமும் தேர்வு நாளும்

கடைசி வாரத்தில் பிழை நோட்டும் சூத்திரத் தாளும் மட்டும். புதிய புத்தகம் வாங்காதீர்கள். நைட் ஷிஃப்ட் விழுந்தால் சூப்பர்வைசரிடம் டிசம்பரிலேயே சொல்லி ஷிஃப்டை மாற்றிக்கொள்ளுங்கள், முந்தின நாள் கேட்டால் ஆள் கிடைக்காது. தேர்வு மையம் வெளியூரில் விழுந்திருந்தால் முந்தின இரவே போய்த் தங்குவது நல்லது. மதுரைக்குள் என்றாலும் ஒருமுறை போய் வழியைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஹால் டிக்கெட்டும் புகைப்படம் உள்ள அசல் அடையாள அட்டையும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

தேர்வு முடிந்த பிறகு விடைக் குறிப்பு இணையதளத்தில் வரும், உங்கள் விடைத்தாளையும் பார்க்கலாம். மதிப்பெண் 3 ஆண்டுக்குச் செல்லும். திருச்சி உள்ளிட்ட என்.ஐ.டி.களில் எம்.டெக். இடத்துக்கு சி.சி.எம்.டி. கலந்தாய்வில் பதிய வேண்டும். ஐ.ஐ.டி.களுக்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பித்து, சேர்க்கை அழைப்புகளை சி.ஓ.ஏ.பி. தளத்தில் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.இ. சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்கா கலந்தாய்வும் இருக்கிறது, அதற்கும் கேட் மதிப்பெண் செல்லும். இவற்றின் கடைசித் தேதிகள் வெவ்வேறாக இருக்கும். முடிவு வந்த அன்றே மூன்றையும் காலண்டரில் குறித்துவைத்து, டிகிரி சான்றிதழும் சாதிச் சான்றிதழும் ஸ்கேன் செய்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.